வாளி வரிசையிலிருந்து ஏணி வண்டி வரை: ரொறன்ரோவின் தொண்டர் தீயணைப்புப் படைகள்



சென் ஜேம்ஸ் ரவுணில் வாழும் எமக்குத் தீயணைப்பு வண்டியின் ஒலி புதியதன்று. அவ்வொலி கேட்டதும் சிறுவர்கள் சாளரத்துக்கு ஓடுகின்றனர். முதியோர் அடுப்பை அணைத்தோமா என்று ஒருமுறை எட்டிப் பார்க்கின்றனர். வண்டியில் வருவோர் மாநகரசபையிடம் சம்பளம் பெறும், நன்கு பயிற்றப்பட்ட வீரர்கள். ஆயினும் இந்நகரத்தில் ஏறத்தாழ அரை நூற்றாண்டு காலம் தீயை எதிர்த்து நின்றவர்கள் தச்சரும் கொல்லரும் கடைக்காரருமாகிய தொண்டர்களே. அவர்களைப் பற்றி நாம் அறிந்துகொள்ள வேண்டியவை பல உள.

ரொறன்ரோ 1793 இல் யோர்க் என்ற பெயருடன் ஒரு சிற்றூராகத் தோன்றியது. வீடுகள் மரத்தாலானவை, கூரை ஓடுகளும் மரச் சீவல்களே. குளிர்காலத்தில் ஒவ்வொரு வீட்டிலும் இரவு பகலாக விறகு எரிந்தது. புகைபோக்கியிலிருந்து பறக்கும் ஒரு பொறி ஒரு தெருவையே அழிக்கப் போதுமானது. ஆகவே வீட்டுக்காரர்கள் தோல் வாளிகளையும் ஏணியையும் ஆயத்தமாக வைத்திருந்தனர். மணி ஒலித்ததும் ஆண்கள் வரிசையாக நின்று வாளியைக் கைமாற்றி நீரைச் சேர்ப்பார்கள். 1802 இல் துணை ஆளுநர் பீற்றர் ஹன்ரர் கையால் இயக்கும் நீரிறைக்கும் பொறியொன்றை ஊருக்கு அன்பளிப்பாக வழங்கினார். பொறி வந்தது, அதை முறையாக இயக்குவதற்குக் குழு இருக்கவில்லை. முதலாவது தொண்டர் தீயணைப்புப் படை அமைந்தது 1826 இலேயே.

இத்தகைய படை அமெரிக்காவில் அதற்கு முன்பே இருந்தது. பெஞ்சமின் பிராங்ளின் 1736 இல் பிலடெல்பியாவில் அயலவர்களைச் சேர்த்து ஒரு தீயணைப்புக் குழுவை நிறுவினார். வாளியும் பொருள்களை அள்ளிச் செல்வதற்கான பையும் ஒவ்வோர் அங்கத்தவரிடமும் இருக்கவேண்டும் என்பது அதன் விதி. யோர்க் படையினருக்கும் சம்பளம் இல்லை. அதற்கு ஈடாக, அமைதிக் காலப் படைச் சேவையிலிருந்தும் யூரிப் பணியிலிருந்தும் அவர்களுக்குச் சட்டம் விலக்களித்தது.

1834 இல் யோர்க், ரொறன்ரோ மாநகரமாயிற்று. படைகளும் பெருகின. அவற்றுள் ஒரு வகை எமது பெற்றோருக்கு எளிதில் விளங்கும். ஏணிகளையும் நீண்ட கழிகளில் பொருத்திய இரும்புக் கொக்கிகளையும் ஏந்திய படை அது. நீர் ஊற்றி அணைக்க முடியாத இடத்தில் அடுத்த வீட்டின் கூரையையும் சுவரையும் கொக்கியால் இழுத்து வீழ்த்தி, தீ தாவுவதற்கு வழியில்லாமற் செய்வார்கள். எமது ஊர்களில் கிடுகு வேய்ந்த வீடு பற்றிக்கொண்டால் என்ன நடந்தது? ஒரு பகுதியினர் கிணற்றடியில் துலாவை மிதித்துப் பட்டையால் நீர் இறைத்தனர். மற்றப் பகுதியினர் முருங்கைக்காய் பறிக்கும் கொக்கத்தடியைக் கொண்டோடி அயல்வீட்டுக் கிடுகுகளை இழுத்தெறிந்தனர். யாரும் யாருக்கும் கற்பிக்காமலே இரு நாட்டு மக்களும் ஒரே உபாயத்தைக் கண்டறிந்திருக்கின்றனர்.

நீருக்குத்தான் பெரும் பஞ்சம். ஒன்ராறியோ வாவி அருகில் இருந்தும் அதைத் தீ எரியுமிடத்துக்குக் கொண்டுவருவது இலகுவாக இருக்கவில்லை. பீப்பாய்களில் நீர் கொண்டுவரும் வண்டிக்காரருள் முந்தி வருபவருக்குப் பணம் வழங்கப்பட்டது. 1840களில் தனியார் கம்பனி ஒன்று குழாய்கள் பதித்தது. ஆயினும் அவற்றில் நீரின் வேகம் போதாது என்ற முறைப்பாடு ஓயவில்லை.

இந்தக் குறை 1849 ஏப்ரல் 7 ஆம் நாள் அதிகாலையில் முழுமையாக வெளிப்பட்டது. கிங் வீதியில் மூண்ட தீ, சந்தைப் பகுதியை எரித்து, சேர்ச் வீதி மூலையில் நின்ற சென் ஜேம்ஸ் பேராலயத்தையும் அழித்தது. தொண்டர்கள் விடியும்வரை போராடினர்; மழையும் அவர்களுக்குத் துணை நின்றது. இப்பேராலயத்துக்குரிய, 1844 இல் திறக்கப்பட்ட மயானமே இன்று பார்லிமென்ற் வீதியில் எமது மாடங்களுக்கு எதிரே மரங்கள் சூழ அமைந்துள்ளது. அவ்விரவில் உயிரிழந்தவர் ஒருவர். பெயர் றிச்சாட் வற்சன். பத்திரிகை அலுவலகம் ஒன்றின் அச்செழுத்துகளைக் காப்பாற்றும் முயற்சியில் அவர் இறந்தார். 1981 இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிவதைக் கண்ட அதிர்ச்சியில் உயிர் நீத்த தாவீது அடிகளை அறிந்த எமக்கு, வற்சனின் பெயரை எளிதில் கடந்து செல்ல முடியவில்லை.

தொண்டர்களைப் புகழ்ந்து மட்டும் எழுதினால் அது வரலாறு ஆகாது. படைகளுக்கிடையே கடும் போட்டி இருந்தது. 1855 ஜூன் 29 அன்று சேர்ச் வீதியில் தீயணைக்க வந்த இரு படைகள் தமக்குள்ளேயே கைகலந்தன. விலக்கச் சென்ற பொலிசாரும் அடிவாங்கினர். இரு வாரங்களுக்குள், கொக்கி ஏணிப் படையினருக்கும் நகருக்கு வந்திருந்த சர்க்கஸ் கோமாளிகளுக்கும் சண்டை மூண்டது. மறுநாள் ஒரு கும்பல் சர்க்கஸ் கூடாரத்தைத் தாக்கி வண்டிகளை எரித்தது. தீயணைப்பவர்கள் பக்கத்தாரே தீ வைத்த விந்தை அது! ஒரே நாளில் விழா எடுப்பதற்கு இரண்டு சங்கங்கள் ஒரே மண்டபத்தைக் கேட்பதைப் பார்த்துப் பழகிய எம்மவருக்கு இதன் ஆரம்பம் நன்கு விளங்கும். பொலிசார் தம் கூட்டாளிகளைக் காட்டிக்கொடுக்க மறுத்தமையால் எழுந்த கண்டனம் வலுத்து, 1859 இல் பொலிஸ் படையே புதிதாக அமைக்கப்பட்டது.

1861 இல் நீராவிப் பொறிகள் வந்தன. பலர் மாறி மாறி அழுத்திய வேலையை அவை செய்தன. ஆனால் அவற்றை இயக்கத் தேர்ச்சி வேண்டும். இரவும் பகலும் ஆள் வேண்டும். 1874 இல் முழுநேரச் சம்பளப் படை நிறுவப்பட்டது. தொண்டராகத் தொடங்கித் தலைவராக உயர்ந்த றிச்சாட் ஆடா, 1895 இல் குளோப் பத்திரிகைக் கட்டடத் தீயில் காயமுற்று இறந்தார். 1904 ஏப்ரல் 19 இரவு வெலிங்ரன் வீதித் தொழிற்சாலையொன்றில் மூண்ட தீ நூற்றுக்கும் மேற்பட்ட கட்டடங்களை அழித்தபோது, ஹமில்ரனிலிருந்தும் எல்லை தாண்டி பஃபலோவிலிருந்தும் வீரர்கள் உதவிக்கு வந்தனர்.

ஆயினும் தொண்டர் படை மறைந்துவிட்டது என எண்ணலாகாது. இன்றும் கனடாவின் தீயணைப்பு வீரர்களுள் பெரும்பாலோர் சிற்றூர்களில் பணியாற்றும் தொண்டர்களே. ஆண்டில் 200 மணித்தியாலம் பணிபுரிவோருக்கு 2011 முதல் வரிச் சலுகை வழங்கப்படுகின்றது.

எமது மாடங்களுக்கு வருவோம். 2010 செப்ரெம்பர் 24 அன்று 200 வெலஸ்லி வீதியின் 24 ஆவது மாடியில் பெருந்தீ ஏற்பட்டது. கடதாசிக் குவியல்கள் நிறைந்த வீடாகையால் வெப்பம் கடுமையாயிற்று. ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் வீடுகளை விட்டு வெளியேறினர்; எவரும் இறக்கவில்லை. 2018 ஓகஸ்ற் 21 அன்று 650 பார்லிமென்ற் வீதியில் மின் கோளாறினால் தீ உண்டாயிற்று. அங்கிருந்த 1,500 பேரளவில் வெளியேறினர். பலர் 2020 இலேயே திரும்பினர்.

தீ மூண்டபின் வண்டி வந்து சேர்வதற்குச் சில நிமிடங்கள் செல்லும். உயர்ந்த மாடியை அடைவதற்கு இன்னும் சில நிமிடங்கள் வேண்டும். அந்த இடைவெளியில் உள்ளவர்கள் அயலவர்கள் மட்டுமே. எமது கவலை இதுதான்: பகலில் பெற்றோர் வேலைக்குச் சென்றபின் பல வீடுகளில் அப்பம்மாவோ அம்மம்மாவோ தனியே இருக்கின்றனர். ஒலிபெருக்கியில் வரும் ஆங்கில அறிவித்தல் அவர்களுக்கு விளங்குவதில்லை. எந்தக் கதவைத் தட்ட வேண்டும் என்பது வண்டியில் வருபவருக்குத் தெரியாது. அதே மாடியில் வாழும் பத்து வயதுப் பிள்ளைக்குத் தெரியும்.

ஆகவே பிள்ளைகளே, முதியோருக்கு இவற்றைத் தமிழில் விளக்குங்கள். வீட்டுக்குள் தீ என்றால் எல்லோரும் வெளியேறிக் கதவை மூடவேண்டும், பூட்டக்கூடாது. மின்தூக்கியில் ஏறாமல் படிக்கட்டால் இறங்கவேண்டும். நடைவழியில் புகை நிறைந்திருந்தால் வீட்டுக்குள்ளேயே தங்கி, கதவின் கீழ் இடைவெளியை ஈரத் துவாயால் அடைத்து, 911 ஐ அழைத்து மாடி இலக்கத்தையும் வீட்டிலக்கத்தையும் சொல்லவேண்டும். ஆங்கிலம் வராதவர் “தமிழ்” என்று சொன்னால் மொழிபெயர்ப்பாளரை இணைப்பார்கள். நடக்க இயலாதோரின் பெயரைக் கட்டட நிர்வாகத்திடம் முன்கூட்டியே கொடுத்து வைக்கலாம்.

அடுத்த வகுப்புக்குரிய பயிற்சி: உங்கள் மாடியில் எத்தனை வீடுகள் உள்ளன, படிக்கட்டுகள் எப்பக்கம் உள்ளன, உதவி தேவைப்படும் முதியோர் எந்த வீடுகளில் வாழ்கின்றனர் என்பவற்றை விசாரித்து ஒரு பக்கத்தில் தமிழில் எழுதுங்கள். அதனை முதலில் வீட்டிலுள்ள பெரியோருக்கு வாசித்துக் காட்டுங்கள். பின்னர் வகுப்புக்குக் கொண்டு வாருங்கள்.