மூளைக்குள் ஒரு பயணம்

கடலூரில் இரயிலேறும் நாம் சிதம்பரத்தில் இறங்காமல் பாதி வழியிலேயே இறங்கிவிட்டால் என்னாகும்? தாயின் கருவிலிருக்கும் சிசுவின் மூளையிலும் இத்தகைய பயணம் உண்டு. நரம்பு செல்கள் பிறந்த இடத்தை விட்டு மேலடுக்கை நோக்கிச் செல்கின்றன. அதற்கு உதவும் புரதங்களுள் ஒன்று டபிள்கார்ட்டின். இதன் மரபணு 1998-இல் கண்டறியப்பட்டது. அதில் பழுது நேர்ந்தால் செல்கள் பாதி வழியிலேயே நின்றுவிடும். குழந்தைக்கு வலிப்பு வரலாம்.

கண்ணுக்குத் தெரியாத இப்புரதத்தைக் காண்பது எவ்வாறு? பூட்டுக்கேற்ற சாவிபோல் அதனைப் பற்றும் எதிர்ப்பொருளைப் பயன்படுத்துவர். அத்துடன் சேர்த்த சாயம் நுண்ணோக்கியில் ஒளிரும். ஆயினும் சில எதிர்ப்பொருள்கள் வேறு புரதத்தையும் பற்றிவிடும். எனவே டபிள்கார்ட்டின் இல்லாத திசுவிலும் சோதிப்பர். அங்கும் ஒளிர்ந்தால் அச்சாட்சியை நம்பலாகாது.

பொய்ச்சாட்சி கூடாதென்னும் கட்டளை ஆய்வுக்கூடத்திற்கும் உரியதன்றோ!