எர்த் பின்னை மட்டும் உடைக்காதே

பாப்பா, உன் செட்டில் பாட்டுக்கு அடியில் ‘ம்ம்ம்’ என்று இரைச்சல் ஓடுகிறது என்றாய். த்ரீ பின் பிளக்கில் மேலே இருக்கிற தடித்த பின்னை உடைத்துவிட்டால் நின்றுவிடும் என்று யாரோ சொன்னார்களாம். உடைக்காதே. இரைச்சல் நின்றாலும் நிற்கும். ஆனால் உள்ளே ஒரு வயர் தளர்ந்து டப்பாவில் கரண்ட் பாய்ந்தால், அதைத் தரைக்குக் கொண்டுபோக அந்த ஒரு பின்தான் இருக்கிறது. ஷூ அப்பரைக் கையில் தைத்துக்கொண்டே பகல் முழுக்கப் பாட்டு கேட்கிறவர்கள் நம் பக்கத்துப் பெண்கள். வெறுந்தரையில் உட்கார்ந்து வேலை, வியர்த்த கை, எட்டும் தூரத்தில் தகர டப்பா ஆம்ப்ளிபயர். இதில் விளையாடக் கூடாது.

முதலில் இரைச்சல் எங்கிருந்து வருகிறது என்று பார். செட்டை ஆஃப் பண்ணிவிட்டு, பின்னால் செருகியிருக்கும் ஏவி வயர்களை எல்லாம் உருவிவிடு. ஸ்பீக்கர் வயர் மட்டும் இருக்கட்டும். இப்போது ஆன் பண்ணு. அப்போதும் ‘ம்ம்ம்’ வருகிறது, வால்யூமைக் கூட்டினாலும் குறைத்தாலும் ஒரே அளவாக வருகிறது என்றால் கோளாறு செட்டுக்குள். பெரும்பாலும் பில்டர் கண்டன்சர் காய்ந்திருக்கும். 4440 ஐசி போட்ட அசெம்பிள் செட்டுகளில் வயதானால் இது சகஜம். நம் 50 ஹெர்ட்ஸ் கரண்ட் டயோடைத் தாண்டும்போது 100 ஹெர்ட்ஸ் அலையாகிவிடும். கண்டன்சர் அதை விழுங்காவிட்டால் ஸ்பீக்கரில் கேட்கும். மெக்கானிக்குக்கு அது சின்ன வேலை. நீ மூடியைத் திறக்காதே, ஆஃப் பண்ணிய பிறகும் பெரிய கண்டன்சரில் கரண்ட் தங்கியிருக்கும்.

வயரை உருவியதும் அமைதியாகிவிட்டதா? அப்படியானால் செட் நல்லது. ஒவ்வொரு வயராக மறுபடி செருகிப் பார். என் சந்தேகம் முதலில் செட்டாப் பாக்ஸ் மேல்தான். அதன் பின்னால் திருகியிருக்கும் கேபிள் வயரைக் கழற்று. படம் போகிற அதே நொடியில் இரைச்சலும் போனால் ஆளைப் பிடித்தாயிற்று. அந்த கேபிளின் வெளிப் பின்னல் தெருவில் எங்கோ எர்த் ஆகியிருக்கும். உன் ஆம்ப்ளிபயர் வீட்டு எர்த் குழியில் எர்த் ஆகியிருக்கும். இரண்டு எர்த்துக்கும் நடுவே சின்ன வோல்டேஜ் வித்தியாசம் இருந்தால் போதும், ஏவி வயரின் ஷீல்டு வழியாக கரண்ட் சுற்ற ஆரம்பித்துவிடும். செட்டுக்கு அது தெரியாது, அதையும் பாட்டென்றே எடுத்துப் பெருக்கித் தரும்.

இதற்கு வழி, அந்தச் சுற்றை நடுவில் அறுப்பது. கிரவுண்ட் லூப் ஐசொலேட்டர் என்று கேள், சில நூறு ரூபாய்க்கே கிடைக்கும். உள்ளே இரண்டு குட்டி டிரான்ஸ்பார்மர். பாட்டு மட்டும் தாண்டும், எர்த் தாண்டாது. மட்டமானதை வாங்கினால் பேஸ் செத்துவிடும், தவில் அடி நிறைந்த பாட்டு ஒன்றைப் போட்டுப் பார்த்து வாங்கு. டிவியிலும் செட்டிலும் ஆப்டிகல் பின் இருந்தால் அதுவே மேல். அந்த வயரில் உலோகமே கிடையாது.

லேப்டாப்பில் பாட்டு வைக்கும்போது மட்டும் இரைந்தால் சார்ஜரைப் பிடுங்கிவிட்டு பேட்டரியில் ஓட்டிப் பார். டிவி, செட்டாப் பாக்ஸ், செட் மூன்றையும் ஒரே எக்ஸ்டென்ஷன் பாக்ஸில் செருகு. ஏவி வயரை கரண்ட் வயரோடு சேர்த்துக் கட்டாதே.

இத்தனைக்கும் மசியவில்லை, டப்பாவைத் தொட்டால் சுர்ரென்கிறது என்றால் வீட்டு எர்த்தையே சந்தேகப்படு. நம் பாலாற்றங்கரை மணல் ஈரத்தைப் பிடித்து வைக்காது. வெயில் 40 டிகிரியைத் தாண்டும் மாதங்களில் எர்த் குழி வறண்டு, பேருக்குத்தான் இருக்கும். வாரத்துக்கு ஓரிரண்டு குடம் தண்ணீர் ஊற்று. எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு எர்த்தை அளக்கச் சொல், மெயின் போர்டில் கரண்ட் கசிந்தால் லைனை அறுக்கும் 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி இருக்கிறதா என்றும் பார்க்கச் சொல். பிளக் பாயிண்டுக்குள்ளேயே நியூட்ரலையும் எர்த்தையும் சேர்த்து முடிந்துவிட்டுப் போகிறவர்கள் உண்டு. பக்கத்திலேயே நின்று பார், அதற்கு மட்டும் விடாதே. நியூட்ரல் அறுந்தால் செட்டின் உடம்பு முழுக்க 230 வோல்ட் நிற்கும்.

அம்மா வீட்டுப் பழைய செட் இன்னும் டூ பின் வயரில்தான் ஓடுகிறது. எலக்ட்ரீஷியன் வருகிற அன்றே அதையும் கொண்டுவந்து த்ரீ பின் வயர் போட்டுக்கொள். பச்சை வயரை டப்பாவில் திருகும் இடத்தில் பெயின்டைச் சுரண்டி, தகரம் பளிச்சென்று தெரிந்த பிறகு ஸ்க்ரூவை இறுக்கச் சொல்.