கார் நிக்கோபாருக்கு வீடு வரையப் போகும் பிள்ளைகளுக்கு

படிப்பை முடித்த சூட்டோடு சென்னைக் கப்பலில் வந்து இறங்குகிறீர்கள். சந்தோஷம். பிளான் விரிக்குமுன் கிழவன் சொல்வதைக் கொஞ்சம் கேளுங்கள்.

1. குடும்பம் என்றால் அங்கே யார் யார் என்று முதலில் விசாரியுங்கள். நம் ரேஷன் கார்டுக் கணக்கு கார் நிக்கோபாரில் செல்லாது. அங்கே துஹெட் என்று கூட்டுக் குடும்பம் உண்டு. நிலம், தென்னந்தோப்பு, பன்றி எல்லாம் அதற்குப் பொது. 2004 டிசம்பர் 26 சுனாமி கரையோர ஊர்களைத் துடைத்துக்கொண்டு போன பிறகு, நிக்கோபார் மாவட்டத்தில் அரசு சுமார் 7,000 நிரந்தர வீடுகள் கட்டியது. தம்பதிக்கு ஒரு வீடு என்பதுதான் கணக்கு. கூரை கிடைத்தது, மறுக்கவில்லை. ஆனால் ஒரே உலையில் உண்டவர்கள் தனித்தனிக் கதவுக்காரர்கள் ஆனார்கள். பிளானில் ஒரு கோடு போடும்போது யாரை யாரிடமிருந்து பிரிக்கிறோம் என்று பாருங்கள்.

2. பழைய வட்ட வீடு எங்காவது நின்றால், அதன் அடியில் போய் நில்லுங்கள். ஆள் உயரத்துக்குமேல் தடித்த மரத்தூண்கள். எலியும் பாம்பும் ஏறாதிருக்கத் தூண் தலையில் வட்டப் பலகை. அதன்மேல் தளம், தளத்தின் இடுக்கு வழியே காற்று மேலே ஏறும், அதனால் ஜன்னலே தேவைப்படவில்லை. மேலே தேன்கூடு மாதிரி கவிந்த புல் கூரை. கொட்டும் மழை நிற்காமல் வழிந்து ஓடிவிடும். ஏறிப் போக ஏணி. வீட்டின் நிழலில், தூண்களுக்கு நடுவே, பகல் முழுக்க ஆட்கள் உட்கார்ந்திருப்பார்கள். உங்கள் பிளானில் அந்த இடத்துக்குப் பெயரே இருக்காது. ‘காலி இடம்’ என்று எழுதிவிடுவீர்கள். எழுதாதீர்கள்.

3. தகரத்தை யோசித்துப் போடுங்கள். சுனாமிக்குப் பிறகு தற்காலிகக் கொட்டகைகள் தகரத்தில்தான் வந்தன. நடுப்பகலில் உள்ளே உட்கார முடியாது. கருவிகளைக் கொடுங்கள், வீட்டை நாங்களே கட்டிக்கொள்கிறோம் என்று நிக்கோபாரிகள் அப்போதே கேட்டார்கள். கேட்டவர்கள் பரம்பரையாக வீடு கட்டியவர்கள்!

4. ஊர் கேப்டனைப் பாருங்கள். ஒவ்வொரு ஊருக்கும் கேப்டன் உண்டு. அவருக்குமேல் பழங்குடி மன்றம். 1956 பழங்குடிப் பாதுகாப்பு ஒழுங்குமுறைச் சட்டப்படி அனுமதி இல்லாமல் வெளியாட்கள் தீவில் கால் வைக்கவே முடியாது. அனுமதிச் சீட்டு வந்துவிட்டது என்று நேரே மனை அளக்கக் கிளம்பாதீர்கள். பெண்களிடமும் தனியாகக் கேளுங்கள்; சமையல் கட்டு எங்கே, பன்றிக்கு எங்கே தீனி வைப்பது என்று கேப்டனைவிட அவர்கள் தெளிவாகச் சொல்வார்கள்.

5. நிலநடுக்க அபாயம் மிகுந்த இடம் அது. கனம் வேண்டாம், மூட்டு இறுக்கம் வேண்டும். இதைப் பாடத்திலேயே படித்திருப்பீர்கள்.

6. புல் வீட்டை நினைத்துக் கண்ணீரும் விட வேண்டாம். சுனாமிக்கு முன்பே அங்கே சிமென்ட் வீடு கட்டிக்கொண்டவர்கள் உண்டு. இளவட்டங்கள் கான்கிரீட்தான் வேண்டும் என்றால் அது அவர்கள் விருப்பம். தூணையும் அடிநிழலையும் விட்டுவிடாமல் அதையே எப்படிச் செய்யலாம் என்று உட்கார்ந்து பேசுங்கள்.

7. உப்புக்காற்றில் இரும்பு போல்ட் சீக்கிரம் துருப்பிடிக்கும். புதிதாக ஒன்று வேண்டுமென்றால் கப்பல் வர வேண்டும். மழைக்காலத்தில் அது எப்போது வரும் என்று சொல்ல முடியாது. ஆகவே, தோப்பில் கிடைக்கும் மரத்தையும் வீட்டில் இருக்கும் கத்தியையும் வைத்து அவர்களே பழுதுபார்க்கக்கூடிய மூட்டாகப் போடுங்கள். ஒரு மூட்டை அவர்களையே கழற்றி மாட்டச் சொல்லிப் பார்த்த பிறகு பிளானில் கையெழுத்துப் போடுங்கள்.