தென்னையை ஏன் விடவில்லை?

ஹுத்தான் மெலிந்தாங்

அன்புள்ள யாழினிக்கு,

உன் இடுபணித் தலைப்பைப் பார்த்தேன். 'மலேசியச் செம்பனைத் தொழில்: ஓர் ஆய்வு.' இந்தத் தலைப்போடு எந்த நூலகத்துக்குள் நுழைந்தாலும் திணறத்தான் செய்வாய். புத்தகம் இல்லாமல் அல்ல, அலமாரி அலமாரியாக இருப்பதால். இணையத்தில் வலைப்பதிவுகள் மட்டுமே அகப்பட்டன என்று குறைப்பட்டிருக்கிறாய். அகலக் கேட்டால் மேலோட்டமாகத்தான் பதில் வரும்.

நல்ல கேள்வி ஒன்று நம் ஊருக்குப் பக்கத்திலேயே கிடக்கிறது. ஜெண்டராத்தா தோட்டம் 1906இல் ரப்பர் கம்பெனியாகத் தொடங்கியது. தொடங்கியவர் ஆகே வெஸ்டன்ஹோல்ஸ் என்ற டென்மார்க்குப் பொறியியலாளர். அதிலிருந்து வளர்ந்த யுனைடெட் பிளாண்டேஷன்ஸ் இன்று செம்பனைக்குப் பெயர்போனது. நிலைத்த செம்பனை எண்ணெய்க்கான ஆர்எஸ்பிஓ சான்றிதழை 2008 ஆகஸ்டில் உலகிலேயே முதலில் பெற்ற நிறுவனமும் அதுதான். பால்மரம் போய்விட்டது, ஆனால் செம்பனையோடு தென்னையும் இன்னும் நிற்கிறது. செம்பனையில் இவ்வளவு கைதேர்ந்த கம்பெனி தென்னையை ஏன் விடவில்லை? வணிகம் படிப்பவள் கேட்கவேண்டிய கேள்வி இது. லாபம், விலை ஏற்றத்தாழ்வு, மண், ஆள்பலம் எல்லாம் இதற்குள் வந்துவிடும். உன் விரிவுரையாளர் கேட்கும் பக்கங்களுக்குள்ளும் அடங்கும்.

இனி ஆதாரம் தேடலாம். வணிகத்தைப் பற்றிய ஒவ்வொரு தாளையும் யாரோ ஒருவர் ஏதோ ஒரு தேவைக்காக எழுதியிருப்பார். கம்பெனி எழுதியது, அரசாங்கம் எழுதியது, தொழிலாளி பக்கம் நின்று எழுதியது என்று பிரித்துக்கொள். உன் கட்டுரையில் முக்கியமான எந்தச் செய்திக்கும் இவற்றில் இரண்டு தரப்பாவது பக்கபலமாக இருக்கவேண்டும். ஒரே தரப்பிலிருந்து பத்து மேற்கோள் எடுத்தாலும் அது ஓர் ஆதாரம்தான்.

கம்பெனி தரப்பு சுலபம். பங்குச் சந்தையில் பட்டியலிடப்பட்ட நிறுவனம் என்பதால் அதன் ஆண்டறிக்கைகள் புர்சா மலேசியா தளத்தில் இலவசமாகக் கிடைக்கும். அவற்றைப் பின்னாலிருந்து படி. முன்பக்கத்துத் தலைவர் உரையும் வண்ணப் படங்களும் பங்குதாரர் மனம் குளிர எழுதப்பட்டவை. கடைசியில் பொடி எழுத்தில் வரும் கணக்குக் குறிப்புகள் தணிக்கையாளர் கண்பட்டவை. பயிர்வாரியாக எத்தனை ஹெக்டர், எவ்வளவு விளைச்சல் என்ற ஒப்பீட்டு அட்டவணையையும் தேடு. ஒரே ஓர் ஆண்டறிக்கையை வைத்துக்கொண்டு 'வளர்ச்சி' என்று எழுதிவிடாதே, குறைந்தது பத்தாண்டு அறிக்கைகளை வரிசையாக வை. இந்த நிறுவனம் மாதாக் என்ற ஒட்டுரகத் தென்னையையும் உருவாக்கி, விதைக்காய் விற்கிறது. ஆக, தென்னை அவர்களுக்குத் தேங்காய் மட்டும்தானா, விதை வியாபாரமும் சேர்ந்ததா என்ற கிளைக்கேள்வியும் உனக்குக் கிடைத்துவிட்டது.

கம்பெனி வரலாற்றுக்கு சூசன் மார்ட்டின் எழுதிய 'தி யூபி சாகா' (2003) இருக்கிறது. ஆழமான புத்தகம். ஆனால் முதல் முறை அதன் கதைக்காகப் படிக்காதே. பின்பக்கத்து நூற்பட்டியலைப் பிரித்து வைத்து, உன் கேள்விக்குப் பொருந்துபவற்றைக் குறித்துக்கொள். வரலாற்றாசிரியர் ஒருவர் பல ஆண்டு அலைந்து சேர்த்தது உனக்கு ஒரு மாலைப்பொழுதில் கிடைக்கிறது. தோட்டத் துரைமார்களின் சங்கம் 1920 முதல் நடத்திவரும் 'தி பிளாண்டர்' இதழையும் விடாதே. நிர்வாகிகள் தங்களுக்குள் பேசிக்கொண்டது அதில் இருக்கிறது.

அரசாங்கத் தரப்பில் நிறையப் பேர் தடுக்கி விழும் இடம் ஒன்று உண்டு. மலேசியச் செம்பனை எண்ணெய் வாரியம் 2000இல் அமைந்தது. விலை, உற்பத்தி, ஏற்றுமதிப் புள்ளிவிவரம் மாதந்தோறும் தரும். ஆனால் அது செம்பனைக்கு மட்டும். தென்னைக்கு விவசாய இலாகாவையும், புள்ளிவிவரத் துறை வெளியிடும் விவசாயப் பொருள்களின் வழங்கல் பயன்பாட்டுக் கணக்கையும் பார்க்கவேண்டும். நாட்டில் விளையும் தேங்காய் எவ்வளவு, இறக்குமதி எவ்வளவு என்று அதில் தெரியும். மாவட்ட அளவிலான எண்கள் வேண்டுமென்றால் கவனம்: பாகான் டத்தோ தனி மாவட்டமானது 2017இல்தான். அதற்கு முந்தைய நம் ஊர்க் கணக்கு ஹிலிர் பேராவுக்குள் இருக்கிறது. இரண்டையும் ஒரே கோட்டில் வரைந்தால் தென்னந்தோப்பெல்லாம் ஓர் ஆண்டில் காணாமல் போனதுபோலத் தெரியும்!

பழைய பத்திரிகைகளில் தேடும்போதும் பெயர்தான் காலை வாரும். தெலுக் இந்தான் 1982 வரை தெலோக் ஆன்சன். நம் ஊர் பழைய ஆங்கிலத் தாள்களில் முதலெழுத்து இல்லாமல் 'உத்தான் மெலிந்தாங்' என்று கிடக்கும். ஜெண்டராத்தாவுக்கும் ஒன்றுக்கு மேற்பட்ட எழுத்துக்கூட்டல் உண்டு. எல்லாவற்றையும் ஒரு தாளில் எழுதி வைத்து ஒவ்வொன்றாகத் தட்டிப் பார். சிங்கப்பூர் தேசிய நூலக வாரியத்தின் நியூஸ்பேப்பர்எஸ்ஜி தளத்தில் 'ஸ்ட்ரெய்ட்ஸ் டைம்ஸ்' பழைய இதழ்களை வீட்டிலிருந்தே பார்க்கலாம். மலாயா ரப்பர் கம்பெனிகளின் ஆண்டுக்கூட்டச் செய்திகள் அந்தக் காலத்தில் அங்கே வரும்.

தொழிலாளி தரப்புதான் கஷ்டம். பெரட்டுக் களத்தில் ஆள்கணக்குக்கு நின்றவர்கள் அறிக்கை எழுதவில்லை. நியூஸ்பேப்பர்எஸ்ஜி தளத்திலேயே உள்ள 'தமிழ் முரசு' கைகொடுக்கும். தமிழில் சொல் தட்டித் தேடுவதைவிட, ஆண்டையும் மாதத்தையும் தீர்மானித்துப் பக்கம் பக்கமாகப் புரட்டுவது மேல். 1924இல் தொடங்கி 2019இல் நின்றுபோன 'தமிழ் நேசன்' பழைய இதழ்களுக்கு மலாயாப் பல்கலைக்கழக நூலகத்திலும் தேசிய நூலகத்திலும் விசாரி. போருக்கு முன் மலாயாவில் இருந்த இந்திய அரசின் முகவர் ஆண்டுதோறும் எழுதிய அறிக்கைகளில் தோட்டக் கூலி விவரம் இருக்கும். அவர் கம்பெனியின் ஆளும் அல்ல, இங்கிருந்த அரசாங்கத்தின் ஆளும் அல்ல, அதனால் எனக்கு அவர்மேல் கொஞ்சம் கூடுதல் நம்பிக்கை. தாத்தா சொல்வதும் ஆதாரம்தான். எந்த ஆண்டு, எந்தப் பிரிவு, என்ன வேலை என்று கேட்டு, தேதி போட்டு, நேர்காணல் என்றே குறிப்பிடு. சம்பளத் தொகையை மட்டும் அவர் நினைவை நம்பி எழுதாதே.

ஈப்போவில் இருப்பவள் நீ, துன் ரசாக் நூலகத்துக்கு ஒரு நடை போய்விட்டு வா. அங்கே டூயி எண்முறையில் 338 பொருள் உற்பத்தி, 658 நிர்வாகம், 331 தொழிலாளர். செம்பனையும் ரப்பரும் 633இல், தென்னை 634இல். பல்கலைக்கழக நூலகங்களில் பெரும்பாலும் வேறு முறை. தொழில்கள் எச்டி என்ற எழுத்துகளின் கீழ் வரும். தேடிய புத்தகத்துக்கு இடமும் வலமும் இருப்பவற்றை எடுத்துப் பார்க்காமல் நகராதே. கணினி காட்டாததை அலமாரி காட்டும். அங்கே இல்லாத புத்தகத்தை வேறு நூலகத்திலிருந்து இரவல் தருவிக்க முடியுமா என்று உன் கல்லூரி நூலகரிடம் கேள். அவர்களிடம் 'செம்பனை பற்றி ஏதாவது' என்று சொல்லாமல், கேள்வியை அப்படியே சொல்.

இன்னொன்று. உரையாடும் செயலிகளிடம் புத்தகப் பட்டியல் கேட்டால் இல்லாத ஆசிரியரையும் இல்லாத தலைப்பையும் கூசாமல் தரும். தேசிய நூலகப் பட்டியலிலோ வேர்ல்ட்கேட்டிலோ கண்ணால் பார்க்காத எதையும் கட்டுரையில் சேர்க்காதே. படித்த அன்றே பக்க எண்ணையும், இணையம் என்றால் பார்த்த தேதியையும் குறித்துவை. கடைசி இரவில் பக்க எண் தேடுவதைப்போல எரிச்சலான வேலை வேறில்லை.

இந்த வாரமே கேள்வியை ஒற்றை வரியாக்கி விரிவுரையாளரிடம் காட்டி ஒப்புதல் வாங்கு. அவர் தென்னை வேண்டாம் என்றால் துன் சம்பந்தன் 1960இல் தொடங்கிய தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தை எடுத்துக்கொள்ளலாம். தொழிலாளிகள் பத்துப் பத்து வெள்ளியாகப் போட்டுத் தோட்டம் வாங்கிய கதை, டூயி எண் 334. பெரிய தோட்டங்களைத் துண்டு துண்டாக விற்ற தோட்டத் துண்டாடல் பற்றி உங்கு அசிஸ் செய்த பெரிய ஆய்வு அதற்கு முதல் படி. எதுவென்று முடிவானதும் எனக்கு எழுது.

அன்புடன்,
மாமா