ஆறாம் வகுப்பில் விழுந்த கோடு

கேள்வி: மரக்காணம் உப்பளத்தில் பாத்தி வேலை பார்க்கிறேன். ஐப்பசி மழை இறங்கிவிட்டால் அளத்தில் வேலை கிடையாது. அப்படி ஒரு மழைக்காலத்தில் பிழைப்புக்காக மாமியார் ஊருக்குப் போய், இரண்டு வருசம் அங்கேயே தங்கிவிட்டோம். மகள் 6, 7-ம் வகுப்பை அங்கிருந்த அரசு உதவிபெறும் பள்ளியில் படித்தாள். எட்டிலிருந்து பிளஸ் டூ வரை அரசுப் பள்ளிதான். நீட்டும் தேறிவிட்டாள். ஆனால் 7.5 ஒதுக்கீட்டில் வரமாட்டாள் என்கிறார்கள். புதுச்சேரியில் இருக்கும் என் அண்ணன் மகளுக்கு அங்கே 10 விழுக்காடு உண்டாம். ஒரே தாத்தாவின் பேத்திகளுக்கு இரண்டு சட்டமா ஐயா? இது செல்லுமா?
- உப்பளத் தொழிலாளி ஒருவர், மரக்காணம்

பதில்: செல்லும். நியாயமா என்று கேட்டிருந்தால் பதில் இவ்வளவு சுருக்கமாக வந்திருக்காது.

முதலில் சட்டம் சொல்வது. அரசுப் பள்ளி மாணவர்களுக்கு மருத்துவப் படிப்பில் 7.5 விழுக்காடு இடம் தரும் தமிழ்நாட்டுச் சட்டம் 2020-இல் வந்தது. 6 முதல் 12 வரை தமிழ்நாட்டு அரசுப் பள்ளியில் படித்திருக்க வேண்டும் என்பது அதன் நிபந்தனை. மாநகராட்சி, நகராட்சி, ஆதிதிராவிடர் நலப் பள்ளி, கள்ளர் சீரமைப்புப் பள்ளி, வனத்துறைப் பள்ளி எல்லாம் இந்தக் கணக்கில் வரும். கல்வி உரிமைச் சட்டப்படி 8 வரை தனியார் பள்ளியில் இலவசமாகப் படித்து, பிறகு அரசுப் பள்ளிக்கு மாறிய பிள்ளைக்கும் இடமுண்டு. ஆனால் அரசு உதவிபெறும் பள்ளி பட்டியலுக்கு வெளியே நிற்கிறது. அங்கே ஆசிரியருக்குச் சம்பளம் தருவது அரசு என்றாலும், பள்ளி நிர்வாகம் அரசினுடையது அல்ல.

அண்ணன் மகளின் கதை வேறு. புதுச்சேரி தனி ஒன்றியப் பகுதி. தன் இடங்களுக்குத் தன் விதி. அங்குள்ள அரசுப் பள்ளி மாணவர்களுக்கு 10 விழுக்காடு 2023-இல் வந்தது. கிழக்குக் கடற்கரைச் சாலையில் ஒரு மணி நேரப் பயணத்தில் விதி மாறிவிடுகிறது என்பது எரிச்சலூட்டும் விஷயம்தான். ஆனால் இரு அரசுகள் இரு விதி வைப்பதால் மட்டும் சமத்துவம் மீறப்பட்டதாக நீதிமன்றம் கொள்வதில்லை. ஓர் அரசு தன் மக்களுக்குள்ளேயே ஏன் கோடு போட்டது என்பதைத்தான் அது துருவிக் கேட்கும்.

அரசியல் சாசனத்தின் 14-ஆவது பிரிவு எல்லோரையும் ஒரே மாதிரி நடத்தச் சொல்லவில்லை. ஒரு கூட்டத்தைத் தனியாகப் பிரித்தால் அந்தப் பிரிவினைக்குப் புரியும்படியான அடிப்படை இருக்க வேண்டும். விதியின் நோக்கத்தோடு அதற்குத் தொடர்பும் இருக்க வேண்டும். இந்தச் சோதனையில் தமிழ்நாடு தோற்றதும் உண்டு. 1960-களில் மருத்துவ இடங்களை மாவட்ட மக்கள்தொகைக் கணக்கில் பங்கிட்டார்கள். ஒரு மாவட்டத்தில் அதிக மதிப்பெண் எடுத்தவர் வெளியே நிற்க, இன்னொரு மாவட்டத்தில் குறைந்தவர் உள்ளே போகலாம் என்ற நிலை. பி. ராஜேந்திரன் வழக்கில் 1968-இல் உச்ச நீதிமன்றம் அதை ரத்து செய்தது.

2017-இல் இன்னொரு தோல்வி. நீட் வந்த புதிதில், மாநிலப் பாடத்திட்ட மாணவர்களுக்கு 85 விழுக்காடு இடம் என்று அரசாணை போட்டார்கள். எல்லோரும் எழுதியது ஒரே தேர்வு. அதன் பிறகு படித்த வாரியத்தைப் பார்த்துப் பிரிப்பதை ஏற்க முடியாது என்று சென்னை உயர் நீதிமன்றம் அந்த ஜூலையிலேயே ரத்து செய்தது.

வாசகரின் வழக்குக்கு மிக அருகில் வருவது ஹரியானா வழக்கு. 1 முதல் 8 வரை கிராமப் பள்ளியில் படித்தவர்களுக்கு அந்த மாநிலம் 25 மருத்துவ இடங்களை ஒதுக்கியது. சுனில் ஜாட்லி வழக்கில் 1984-இல் உச்ச நீதிமன்றம் அதையும் தள்ளியது.

அப்படியானால் 7.5 மட்டும் எப்படி நின்றது? அரசு இந்த முறை வெறுங்கையோடு போகவில்லை. ஓய்வுபெற்ற நீதிபதி கலையரசன் தலைமையிலான குழு, அரசுப் பள்ளிப் பிள்ளைகளின் வீட்டு நிலை, நீட்டுக்குப் பின் அவர்கள் மருத்துவக் கல்லூரிக்குள் நுழைவதே அரிதாகிப்போனது எனத் தரவுகளோடு அறிக்கை தந்திருந்தது. குழு பரிந்துரைத்தது 10 விழுக்காடு, அரசு 7.5 என்று நிறுத்தியது. மசோதாவுக்கு ஆளுநர் ஒப்புதல் தாமதமாகவே, 2020 அக்டோபர் 29 அன்று அரசாணையாகவே வெளியிட்டார்கள். ஒப்புதல் மறுநாள் வந்தது. முதல் ஆண்டிலேயே எம்.பி.பி.எஸ்., பி.டி.எஸ். சேர்ந்து ஏறத்தாழ 400 இடங்கள் அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்குக் கிடைத்தன. 2022 ஏப்ரலில் சென்னை உயர் நீதிமன்றம் சட்டத்தை ஏற்றது; ஐந்தாண்டில் மறுபரிசீலனை செய்யவும் சொன்னது.

எந்தக் கோடு போட்டாலும் அதன் ஓரத்தில் சிலர் அகப்பட்டுக்கொள்வார்கள். அதற்காக நீதிமன்றம் கோட்டை அழிப்பது அபூர்வம். ஆனால் இந்தக் கோடு ஒரு விஷயத்தில் இடிக்கிறது. வறுமைதான் காரணம் என்றால், அளம் மூழ்கியதால் ஊர் மாறிய குடும்பத்தின் வறுமை உதவிபெறும் பள்ளி வாசலில் கழன்று விழுந்துவிடுமா? அரசுக்கே இது தெரியாமல் இல்லை. 2022-இல் அரசுப் பள்ளி மாணவிகளுக்கென்று தொடங்கிய புதுமைப் பெண் திட்டத்தை, 2024-இல் அரசு உதவிபெறும் பள்ளிகளில் தமிழ் வழியில் படித்தவர்களுக்கும் விரித்தது. மாதம் ஆயிரம் ரூபாய்க்குத் திறந்த கதவு மருத்துவ இடத்துக்குத் திறக்கவில்லை. திறக்கச் சட்டத் திருத்தம் வேண்டும். அதைச் செய்ய வேண்டியது சட்டமன்றம். உயர் நீதிமன்றம் சொன்ன மறுபரிசீலனைக் காலமே அதைக் கேட்கப் பொருத்தமான நேரம். கோரிக்கை மனு தொகுதி எம்.எல்.ஏ.விடமும் சுகாதாரத் துறையிடமும் போக வேண்டும்.

இப்போதைக்கு மகள் சாதிச் சான்றிதழோடு பொதுக் கலந்தாய்வில் கலந்துகொள்ளலாம். 69 விழுக்காடு சாதிவாரி இடஒதுக்கீட்டில் அவளுக்குரிய பங்கை யாரும் தடுக்க முடியாது. குடும்பத்தில் முதல் பட்டதாரி என்றால் அந்தச் சான்றிதழையும் வாங்கி வைக்க வேண்டும். 7.5-இல் தெரியாமல் விண்ணப்பித்துச் சான்று சரிபார்ப்பில் சிக்குவதைத் தவிர்க்கவும்.

மகன் 5-ம் வகுப்பு படிப்பதாகக் கடிதத்தின் ஓரத்தில் குறித்திருக்கிறார். அவனை ஆறாம் வகுப்பில் சேர்க்கும்போது, அது அரசுப் பள்ளியா, உதவிபெறும் பள்ளியா என்று தலைமையாசிரியரிடம் கேட்டுத் தெரிந்துகொண்டு கையெழுத்துப் போடட்டும். பெயர்ப் பலகையை வைத்து முடிவு செய்ய வேண்டாம்.