மோட்டார் சைக்கிளின் மீற்றர் கேபிளை நாமே மாற்றுவோம்

நீண்ட காலம் ஓடாமல் நின்ற மோட்டார் சைக்கிளைத் திருத்தும்போது பிரேக், ரயர், விளக்கு எல்லாவற்றையும் கவனிக்கிறோம். மீற்றர் முள் அசையாவிட்டால் மட்டும் "பரவாயில்லை" என்று விட்டுவிடுகிறோம்.

ஆனால் பழைய மோட்டார் சைக்கிள்கள் பலவற்றில் பெற்றோல் அளவு காட்டும் முள் இல்லை. பெற்றோல் அடித்த பின் எத்தனை கிலோமீற்றர் ஓடினோம் என்று மீற்றரைப் பார்த்தே மிச்சத்தைக் கணக்கிட வேண்டும். பெற்றோல் செட் தூரத்தில் உள்ள ஊரில், இரவில் நோயாளியை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகும் வழியில் வண்டி நின்றுவிடக் கூடாது. ஒயில் மாற்றும் நேரத்தை அறியவும் அந்த எண்ணே உதவும்.

முன்சில்லின் நடுவிலிருந்து மீற்றருக்குக் கேபிள் செல்லும் வண்டிகளுக்கு இந்தப் பாடம் பொருந்தும். சில்லு சுழலும்போது கேபிளுக்குள் இருக்கும் முறுக்குக் கம்பியும் சுழன்று மீற்றரை இயக்குகிறது.

முதலில் பழுதைக் கண்டுபிடியுங்கள்

வண்டியை நடு ஸ்டாண்டில் நிறுத்தி, முன்சில்லு நிலத்தில் படாதபடி ஒருவரைப் பிடிக்கச் சொல்லுங்கள். கேபிளின் மேல்முனையை மீற்றரிலிருந்து கழற்றி, சில்லைக் கையால் சுழற்றுங்கள்.

• உள்கம்பி சுழன்றால் கேபிள் நல்லது, பழுது மீற்றரில்.
• சுழலாவிட்டால் கீழ்முனையையும் கழற்றிப் பாருங்கள். கம்பி அறுந்தோ முனை தேய்ந்தோ இருந்தால் கேபிளை மாற்ற வேண்டும்.
• கம்பி நல்லதாக இருந்தால் சில்லுப் பக்கத்துப் பற்சில்லு தேய்ந்திருக்கலாம். அதைத் திருத்துநரிடம் காட்டுங்கள்.

மாற்றும் முறை

1. பழைய கேபிளைக் கடைக்குக் கொண்டுபோங்கள். நீளமும் முனையும் வண்டிக்கு வண்டி வேறுபடும்.
2. உள்கம்பியில் மெல்லியதாகக் கிறீஸ் பூசுங்கள். மேல்முனையில் ஒரு சாண் அளவுக்குப் பூச வேண்டாம். கிறீஸ் மீற்றருக்குள் ஏறினால் அது பழுதாகும்.
3. மேல்முனையை மீற்றரில் பூட்டி, கீழே உள்ள கம்பி முனையை விரலால் உருட்டுங்கள். இலகுவாகச் சுழல வேண்டும். இறுகினால் மீற்றர் சிக்கியிருக்கிறது. அப்படியே பூட்டினால் புதிய கேபிளும் அறுந்துவிடும்.
4. பழைய கேபிள் சென்ற வழியாலேயே, கூர்மையாக மடியாமல் கொண்டுசெல்லுங்கள்.
5. சில்லை மெதுவாகச் சுழற்றியபடி கீழ்முனையைச் செருகுங்கள். கம்பி பொருந்திய பின் திருகாணியை அளவாக இறுக்குங்கள்.
6. ஹாண்டிலை இரு பக்கமும் முழுதாகத் திருப்பிப் பாருங்கள். கேபிள் இழுபடக் கூடாது.

ஓட்டிப் பார்க்கும்போது தலைக்கவசம் அணியுங்கள். மக்கள் வழமையாகப் பயன்படுத்தும் வீதியிலேயே ஓட்டுங்கள். மிதிவெடி எச்சரிக்கைப் பலகை உள்ள பக்கம் திரும்பவும் வேண்டாம், வீதியை விட்டு இறங்கவும் வேண்டாம்.

மீற்றர் ஓடத் தொடங்கியதும், அது காட்டும் எண்ணை இந்தக் கையேட்டின் பின்னட்டையில் எழுதுங்கள். பெற்றோல் அடிக்கும் ஒவ்வொரு முறையும், ஒயில் மாற்றும் ஒவ்வொரு முறையும் அதன் கீழே எழுதி வாருங்கள்.