யன்னலை மாற்றினால் பில் பாதியாகுமா?

குளிர் நெருங்கினால் ரொறன்ரோ, ஸ்காபறோ பக்கங்களில் ஒரு பேச்சு கிளம்பும்: பழைய யன்னல்களைக் கழற்றிவிட்டுப் புதியவை போட்டால் ஹீட்டிங் பில் பாதியாகிவிடுமாம். யன்னல் வழியே வெப்பம் போவது உண்மைதான். நன்றாகக் காப்பிட்ட சுவரைவிட, அதே பரப்புள்ள சாதாரண இரட்டைக் கண்ணாடி எட்டு, ஒன்பது மடங்கு வெப்பத்தை வெளியே விடும். ஆனால் அதைக் காசாக மாற்றிப் பார்த்தால் கதை வேறு. ஒன்றரைச் சதுர மீட்டர் யன்னல் ஒன்றை எடுத்து, பழைய இரட்டைக் கண்ணாடிக்குப் பதில் ஆர்கன் வாயு அடைத்து மெல்லிய உலோகப் பூச்சும் பூசிய புதியதைப் போட்டால் வெப்ப இழப்பு ஏறக்குறைய பாதியாகும். ரொறன்ரோவின் முழுக் குளிர்காலத்துக்கும் அதில் மிஞ்சுவது சுமார் 20 கன மீட்டர் எரிவாயு. பத்து டொலர் அளவில் வரும். யன்னலுக்கும் அதைப் பொருத்தும் கூலிக்குமோ பல நூறு டொலர். போட்ட காசு திரும்புவதற்குள் புது யன்னலே பழசாகிவிடும். மின்சாரத்தில் சூடேற்றும் வீட்டில் மிச்சம் இரண்டு மடங்குக்கு மேல் வரலாம். அப்போதும் கணக்கு பல பத்தாண்டுகளுக்கு நீளும்.

"அப்படியானால் யன்னலடியில் இருந்தால் காற்று அடிக்கிறதே?" என்று கேட்பது நியாயமே. அந்தக் காற்றில் ஒரு பகுதி வெளியிலிருந்து வருவதே இல்லை. குளிர்ந்த கண்ணாடியைத் தொட்ட அறைக்காற்று கனத்து, கீழிறங்கி, தரையோடு வந்து காலைத் தொடும். நம் உடல் வெப்பத்தையும் அந்தக் கண்ணாடி இழுத்துக்கொள்ளும். எது எதுவெனப் பிரித்தறிய ஓர் ஊதுபத்தி போதும். காற்று வீசும் நாளில், திரைச்சீலையை ஒதுக்கிவிட்டு, சமையலறை எக்ஸோஸ்ட் விசிறியை ஓடவிட்டபடி அதைச் சட்டத்தின் ஓரமாகக் கொண்டுபோக வேண்டும். புகை அறைக்குள் சட்டென்று சாய்ந்தால் அங்கே இடைவெளி இருக்கிறது. கண்ணாடியோடு மெதுவாகக் கீழே வழிந்தால் குற்றவாளி கண்ணாடிதான். இடைவெளிக்கு நுரைப்பட்டியோ கோல்க்கிங்கோ போதும். கண்ணாடிக்கு, இருபக்கமும் ஒட்டும் ரேப்பால் சட்டத்தில் ஒட்டி ஹெயார் ட்ரையரால் சுருக்கும் பிளாஸ்டிக் தாள் இருக்கிறது. தாளுக்கும் கண்ணாடிக்கும் நடுவில் அசையாமல் நிற்கும் காற்றுதான் உண்மையான காப்பு. பழைய இரட்டைக் கண்ணாடியில் இழப்பை இது மூன்றில் ஒரு பங்கு வரை குறைக்கும். சில டொலர் செலவுக்கு இது மோசமில்லை.

யன்னலை மட்டும் பார்ப்பதிலும் ஒரு பிசகு உண்டு. சூடான காற்று மேலேறி அட்டிக் மூடியின் ஓரத்தாலும் கூரை விளக்குத் துளைகளாலும் வெளியேறும். அதை ஈடுகட்டக் குளிர்காற்று பேஸ்மென்ட் சுவர் விளிம்பால் நுழையும். மேல் ஓட்டைகளை விட்டுவிட்டு யன்னலுக்குச் செலவழிப்பது வீண்.

எல்லாவற்றையும் அடைத்தால் மூச்சுமுட்டுமே என்பது அடுத்த பயம். நாலு யன்னலுக்குத் தாள் ஒட்டுவதால் சாதாரண வீடு காற்றுப் புகாத பெட்டியாகிவிடாது. ஃபர்னஸுக்கான காற்றுக் குழாயை மட்டும் அடைக்கவே கூடாது. எரிவாயு ஃபர்னஸ் உள்ள வீட்டில் கார்பன் மோனாக்சைட் அலாரம் எப்படியும் ஒன்ராறியோவில் சட்டப்படி வேண்டும். ஓர் அறைக்கு வேறு வெளிவழி இல்லையென்றால் அங்குள்ள யன்னலை உடனே திறக்கக்கூடியதாக விட வேண்டும். கண்ணாடியில் நீர் படிவதைப் பார்த்து யன்னல் பழுதென்று முடிவுகட்டுபவர்களும் உண்டு. உள்முகத்தில் படிந்தால் பெரும்பாலும் சோற்றுப் பானையின் ஆவியும் உள்ளே காயப்போட்ட துணியுமே காரணம். இரண்டு கண்ணாடிகளுக்கு நடுவில் மங்கினால்தான் அடைப்பு போய்விட்டது. அப்போதும் பல யன்னல்களில் சட்டத்தை விட்டுக் கண்ணாடியை மட்டும் மாற்றலாம்.

மரச்சட்டம் உக்கிப்போய், பூட்டு விழாமல் இருந்தால் மாற்றத்தான் வேண்டும். பக்கத்தில் உட்காரும் சுகத்துக்காக மாற்றுவதும் தவறில்லை, பில்லின் தலையில் அந்தச் செலவைக் கட்டாதவரை. தாள் ஒட்டுபவர்கள் ஒக்டோபரிலேயே சட்டத்தைத் துடைத்துக் காயவிட்டு ஒட்டுவது நல்லது. ஈரமும் உறைகுளிருமான சட்டத்தில் ரேப் பிடிக்காது.